இளவரசனுக்கு இரவல் குரல்

அந்த ராஜாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். எங்கள் நாடகத்திலும் அவருக்குப் பெயர் கிடையாது. பிள்ளைகள் வாயில் நுழையாது என்று ‘ராஜா’ என்றே விட்டுவிட்டேன். இன்றைய துருக்கிப் பக்கம் லிடியா என்று ஒரு நாடு வெகு காலத்துக்கு முன்னால் இருந்தது. அந்த நாட்டு ஆற்று மணலைச் சலித்தால் பொன் கிடைக்குமாம். அந்தப் பொன்னில் அவர் காசு அடித்தார், ஊர் ஊராகக் கோயில்களுக்குப் பொற்கட்டிகளை அனுப்பினார், மிச்சத்தை அறை அறையாக அடுக்கி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து காட்டினார். கொழுத்த பணக்காரன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் வெள்ளைக்காரர்கள் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் இழுப்பார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன் அவருடைய கதையைப் பிள்ளைகள் நாடகமாக எழுதினேன். புனேயில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவுக்காக. அந்த நாடகத்தில் என் சொந்த மகளுக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் எனக்குத் தப்பாகச் சொல்லித் தரவுமில்லை. செய்தது முழுக்க நான்தான்.

நான் கோயமுத்தூர்க்காரி. கல்யாணமாகி இங்கே வந்தவள். ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை, அதாவது அடுத்தவர் செய்து வைத்ததில் எங்கே ஓட்டை என்று தேடிப் பிடிக்கிற வேலை. அதில் எனக்கு நல்ல பெயர். அந்தப் புத்தியை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அது தெரியவில்லை. போதாததற்கு வாயும் கொஞ்சம் நீளம்.

மகளைப் பத்து மாதத்திலேயே எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மராத்திக்கார அம்மாள் வீட்டில் விட்டோம். பகல் முழுவதும் அங்கேதான். அவள் முதலில் பேசியது மராத்தி, அடுத்தது பள்ளிக்கூடத்து ஹிந்தி. தமிழ் என்பது கம்பெனி வண்டி நெரிசலில் தவழ்ந்து வந்து என்னை இறக்கிவிட்ட பிறகு, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் கிடைத்த ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்தேன்? ஒன்றாம் வகுப்பில் ஒருநாள் ஓடி வந்து, “அம்மா, இன்னிக்கு ஸ்கூல்ல நான் கீழ விழுந்து போச்சு” என்றாள். “விழுந்து போச்சு இல்லடி, விழுந்துட்டேன்னு சொல்லு” என்றேன். சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். முட்டியில் தோல் வழன்று ரத்தம் காய்ந்திருந்ததை அவளுடைய அப்பாதான் பிறகு பார்த்தார்.

இப்படித்தான் எங்கள் வீட்டில் தமிழ் வளர்ந்தது. அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், நான் அதைத் திருத்துவேன். பாவி, என்ன சொல்ல வந்தாய் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

அவளுக்குப் பதினோரு வயதானபோது நாடகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன விழுந்தது, நானே போய் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வழக்கமான கதைகள் வேண்டாம், இப்படி ஒரு ராஜா கதையை இங்கே யாரும் போட்டதில்லை என்று கமிட்டியில் சவடாலாகப் பேசினேன். கதை என்னவோ நல்ல கதைதான். ஒரு ஞானி ராஜாவைப் பார்க்க வருகிறார். ராஜா பொக்கிஷ அறைகளையெல்லாம் திறந்து காட்டி, உலகத்திலேயே சந்தோஷமான மனுஷன் யார் என்று கேட்கிறார். தன் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பு. ஞானியோ, ஊருக்காகச் சண்டை போட்டுச் செத்த ஒரு சாதாரண ஆளைச் சொல்கிறார். நல்ல பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் பார்த்துவிட்டுப் போனவனாம். ஒருவனுடைய முடிவைப் பார்க்காமல் அவனைச் சந்தோஷமானவன் என்று சொல்ல முடியாது என்று வேறு சொல்லிவிட்டுப் போகிறார். ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

அந்த ராஜாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் வீரன், அழகன், நாட்டின் நம்பிக்கை. இளையவன் வாய் பேசாதவன். மூத்தவன் இரும்பு முனை பட்டுச் சாவான் என்று ராஜா கனவு கண்டு, வீட்டில் இருந்த ஈட்டிகளையெல்லாம் ஒளித்து வைக்கிறார். ஆனாலும் பன்றி வேட்டையில் ஒரு நண்பனின் ஈட்டி குறி தவறி அவன் மேலேயே பாய்கிறது. பேசாத பிள்ளைக்காகவும் ராஜா ஒரு கோயிலில் குறி கேட்டு அனுப்புகிறார். அவன் குரலைக் கேட்க ஆசைப்படாதே, அதைக் கேட்கும் நாள் உனக்குக் கெட்ட நாள் என்று பதில் வருகிறது. கடைசியில் பாரசீக ராஜா படையெடுத்து ஊரைப் பிடிக்கிறான். ஒரு சிப்பாய் ஆள் தெரியாமல் ராஜா மேல் வாளை ஓங்குகிறான். ராஜா, இனி இருந்தால் என்ன செத்தால் என்ன என்று அசையாமல் நிற்கிறார். அப்போதுதான் அந்தப் பேசாத மகன் வாய் திறந்து, கொல்லாதே என்று கத்துகிறான். பிறந்ததிலிருந்து அவன் பேசும் முதல் பேச்சு. ராஜா பிழைக்கிறார்.

அந்தக் கதையில் ஓரிடம் உண்டு. மூத்த மகனை வேட்டைக்குப் போகாதே என்று தடுக்கும்போது ராஜா அவனிடம், எனக்கு நீ ஒருவன்தான் மகன், மற்றவனை நான் கணக்கிலேயே வைக்கவில்லை என்கிறார். பிள்ளைகள் நாடகத்தில் இவ்வளவு கொடூரம் எதற்கு என்று அதை வெட்டி எறிந்தேன். அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டினதும் ஞாபகம் இருக்கிறது. “என்ன அப்பன் இவன்!” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

பாத்திரங்களைப் பிரிக்கும் நாளன்று என் மகள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, நான் ராஜா ஆகட்டா?” என்றாள்.

“ராஜாவுக்குப் பக்கம் பக்கமா வசனம் கண்ணு. உனக்கு வேற வெச்சிருக்கேன்.”

“என்ன?”

“பேசாத இளவரசன். கடைசில ஒரே ஒரு வரிதான் பேசுவான். ஆனா அந்த வரிதான் ராஜாவையே காப்பாத்தும். மொத்த நாடகத்துலயும் பெரிய பார்ட் அதுதான்.”

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்காகவா கொடுத்தேன்? மேடையில் அவள் எவ்வளவு குறைவாகத் தமிழ் பேசுகிறாளோ அவ்வளவுக்கு என் மானம் தப்பும் என்று கொடுத்தேன். அதை அன்றைக்கு எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

“வாளைக் கீழ போடு! இவர் என் அப்பா!” இவ்வளவுதான் அந்த வரி. அவள் அதை ஹிந்தி எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வசனத்தை அப்படித்தான் எழுதிக் கொடுப்போம்.

“அதுக்கப்புறம் அவன் பேசுனானா, அம்மா?” என்று கேட்டாள்.

“ஓ. சாகற வரைக்கும் பேசினானாம்.”

“அப்பாகிட்ட என்ன பேசுனான்?”

“அதெல்லாம் கதையில இல்ல. நீ போய் வரியைப் படி” என்றேன்.

ஒத்திகை எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில். முதல் நாள் அவள் முறை வந்தபோது, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்து ராஜாவுக்கு முன்னால் நின்று அந்த வரியைச் சொன்னாள். உயிரைக் கொடுத்துத்தான் சொன்னாள். ஆனால் ராகம் மராத்தி ராகம். ஏறி இறங்கி, கடைசியில் ஓர் இழுப்பு இழுத்து நின்றது. “ஏண்டி, வாளைப் போடச் சொல்றயா, வாசல்ல காய் விக்கறயா?” என்று கேட்டுவிட்டு முதலில் சிரித்தது நான்தான். நான் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளே சிரிக்கிறாள், அப்புறமென்ன என்று அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன்.

அன்று கிளம்பும்போது, சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, “எழுதினவங்க பொண்ணுக்கே தமிழ் தடுமாறுது பாருங்க, நம்ம பசங்களை என்ன சொல்றது” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் குத்திக்காட்டவெல்லாம் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் வந்த கோபம் அவரோடு நிற்கவில்லை. வழி நெடுக மகளை நிமிர்ந்து நட, ஒழுங்காக நட என்று கடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இங்கே எங்கள் நாடகங்களில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மேடையில் பிள்ளைகள் யாரும் பேசுவதில்லை. வசனத்தையெல்லாம் முன்னாலேயே பதிவு செய்துவிடுவோம். விழா நாளில் அது ஒலிபெருக்கியில் ஓடும், பிள்ளைகள் வாயை அசைப்பார்கள். மைக் போதாது என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். உண்மையில், சொல்லச் சொல்ல வாங்கி, பத்துத் தடவை திருப்பிச் சொல்ல வைத்து, நல்லதாக ஒன்றைப் பொறுக்கி ஒட்டினால்தான் எங்கள் பிள்ளைகளின் தமிழ் தேறும். ஆனாலும் யார் நடிக்கிறார்களோ அவர்கள் குரல்தான் வரும். ஐந்து வயது வாண்டு ‘வணக்கம் மகாராஜா’ என்று உளறினாலும் அது அந்த வாண்டின் குரலாகத்தான் இருக்கும். யாரும் எழுதி வைக்காவிட்டாலும் அது ஒரு முறை.

பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. ஒரு நண்பர் வீட்டுப் படுக்கையறையில் ஜன்னலுக்கு மெத்தையை நிறுத்தி வைத்து, மின்விசிறியை அணைத்து, பக்கத்து வீட்டுக் குக்கர் ஓயட்டும் என்று காத்திருந்து காத்திருந்து ஒவ்வொரு வசனமாக எடுத்தோம். என் மகள் பிறந்தநாளுக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குரல் மட்டும்தான் பதிவாகும், சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி வரும்போது அவளிடம் பணத்தைக் கொடுத்து, “கண்ணு, கீழ கடையில எல்லாருக்கும் வேஃபர்ஸ் வாங்கிட்டு வா. ஓடு” என்றேன்.

“என் டர்ன் வருது அம்மா.”

“அதுக்குள்ள வந்துடலாம். போ.”

அவள் லிஃப்டில் இறங்கியதும் அந்தச் சென்னை அம்மாவின் மகளைக் கூப்பிட்டேன். ஒன்பதாம் வகுப்பு, மணி அடித்த மாதிரி தமிழ். “ஆன்ட்டி, இது அவளோட லைன் இல்லியா?” என்று அந்தப் பெண் கேட்டது. அந்தக் குழந்தைக்கு இருந்த நியாய புத்தி எனக்கு இல்லை. “சும்மா ஒரு சேஃப்டிக்கு” என்றேன். ஒரே தடவையில் முடிந்தது. என் மகள் இரண்டு கை நிறையப் பொட்டலங்களோடு மூச்சு வாங்க வந்து நின்றபோது ஜன்னலிலிருந்து மெத்தையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். “எனக்கு?” என்றாள். “இன்னிக்கு நேரமாயிடுச்சு கண்ணு, உன்னுதை வீட்டுல எடுத்துக்கலாம்” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு எல்லாருக்கும் வேஃபர்ஸ் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

வீட்டில் எடுக்கவில்லை. இரண்டு தடவை கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்றேன்.

விழாவுக்கு முந்திய நாள் மாலை அரங்கத்தில் முழு ஒத்திகை. கேம்ப் கடைத்தெருவிலிருந்து வாடகைக்கு எடுத்த சிவப்பு வெல்வெட் அங்கியில் என் மகள் கழுத்து வரை முங்கிப்போயிருந்தாள். சிப்பாய் வாளை ஓங்கினான். அவள் ஓடி வந்து கையை விரித்தாள். ஒலிபெருக்கியிலிருந்து அந்தச் சென்னைப் பெண்ணின் குரல் கணீரென்று வந்தது. அவள் திரும்பி முதலில் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பிறகு கீழே நின்ற என்னைப் பார்த்தாள்.

“வாயை அசை கண்ணு! உன் குரல் சரியா விழலைன்னு சவுண்ட் அண்ணா சொன்னாங்க” என்று கத்தினேன்.

“நான் பேசவே இல்லியே, அம்மா” என்றாள்.

அவள் என்னிடம் தமிழில் பேசிய கடைசி வாக்கியம் அது. அப்போது எனக்கு அது தெரியாதே.

மேடையோரம் தாபோடி அக்கா நின்றிருந்தார்; தாபோடி அவர் குடியிருக்கும் பேட்டை. அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பம், பிறந்ததே புனேயில், வருடா வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு அரிதாரம் பூசுகிறவர். என்னைத் தனியே இழுத்து, “அரே, ஒரே ஒரு லைன் தானே! கொழந்தை கையில மைக்கைக் குடு, பேசட்டும் பச்சீ. என் தமிழ் மட்டும் என்ன பராபர், சரியா இருக்குதா? நான் பேசறேன்ல?” என்றார்.

“அக்கா, நீங்க மேக்கப்பைப் பாருங்க. நாடகத்தை நான் பாத்துக்கறேன்” என்றேன். அவர் தன் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அப்போதுகூட மாற்றியிருக்கலாம். ஒரு முழு இரவும் ஒரு பகலும் இருந்தது.

விழாவன்று அரங்கம் நிறைந்திருந்தது. பொக்கிஷ அறைக் காட்சிக்கு, மஞ்சள் காகிதம் ஒட்டிய பெட்டிகளுக்கே கைதட்டினார்கள். நாடகம் நன்றாகத்தான் போயிற்று. சிப்பாய் வந்தான், வாள் ஓங்கியது, என் மகள் ஓடி வந்து கையை விரித்து நின்றாள். ஒலிபெருக்கி பேசியது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

மறந்துபோய் அல்ல, பயந்துபோயும் அல்ல. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண் கொட்டாமல், நேரே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குரல் எங்கிருந்தோ வந்து, எங்கோ போயிற்று.   பிறகு கைதட்டல் எழுந்தது பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல்! எல்லாரும் அதை வேண்டுமென்றே செய்த உத்தி என்று நினைத்துவிட்டார்கள்.

முடிந்ததும் கமிட்டித் தலைவர் மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். “ஊமைப் பிள்ளை வாயே திறக்காம, அந்தக் குரல் வானத்துல இருந்து வர்ற மாதிரி வெச்சீங்களே, என்ன கற்பனை! எப்படித் தோணுச்சு?” என்று கேட்டு மைக்கை என்னிடம் நீட்டினார். என் மகள் அந்த அங்கியோடு எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் தோளில் என் கை இருந்தது.

“பேசாத பிள்ளையோட அன்பு வாய்லருந்து வர வேண்டியதில்லையே, அதைத்தான் காட்ட நெனச்சேன்” என்றேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று சொல்வார்களே, அப்படி இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் ஊமையாக நின்றதைக்கூட நான் எடுத்து என் பெயரில் எழுதிக்கொண்டேன். என் கைக்குக் கீழிருந்து அவள் தோள் மெல்ல நழுவியது மட்டும் தெரிந்தது.

அலங்கார அறையில் தாபோடி அக்கா எண்ணெய் தொட்டு அவள் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய், “ஏன் கண்ணு வாயசைக்கல?” என்று கேட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “போலா தோ கிஸீ ஔர் நே, மம்மா” என்றாள். பேசியது வேறு யாரோதானே. அதுவரை நான் அவளுக்கு அம்மா. அன்றிலிருந்து மம்மா.

ஏதோ கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டே சொன்னார். அவர்தான் தினமும் அவளைத் தன் ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார்.

“உனக்குத் தெரியுமா, ஒரு மாசமா வண்டில பின்னால உக்காந்துட்டு அதையேதான் சொல்லீட்டு வந்தா. வாளைக் கீழ போடு, வாளைக் கீழ போடுன்னு. சிக்னல்ல நிக்கறவனெல்லாம் திரும்பிப் பாப்பான். கடைசி ஒரு வாரம் நம்மூருப் புள்ளைக சொல்ற மாதிரியே வந்துருச்சு. உன்றகிட்டச் சொல்ல வேண்டாம், ரெக்கார்டிங்ல அம்மா கேக்கட்டும்னு சொன்னா. நானும் உட்டுட்டேன்.”

அதைக் கேட்டு நான் கத்தினேன். முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கோபமாக இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் கோபப்படவே இல்லை. என்ன கேட்டாலும் மரியாதையாகப் பதில் சொன்னாள், ஹிந்தியில். சாப்பாடு போதுமா என்றால் ‘பஸ், மம்மா’, அதாவது போதும். பரீட்சை எப்படி என்றால் ‘அச்சா தா’, நன்றாக இருந்தது. நான் தமிழில் கேட்க, அவள் ஹிந்தியில் சொல்ல, வீடு பாட்டுக்கு ஓடியது. ஆனால் சமையலறையில் நான் இருக்கும்போது கூடத்தில் அவளும் அவள் அப்பாவும் பேசுவது கேட்கும். தமிழ்! கலகலவென்று, இடையிடையே மராத்தியும் ஹிந்தியும் கலந்து, தப்பும் தவறுமாய், சிரிப்பும் கும்மாளமுமாய்த் தமிழ். நான் கரண்டியோடு கதவோரம் வந்து நின்றால் நின்றுபோகும். அவள் வீம்புக்கு நிறுத்துவதாகத் தோன்றாது. ஆபீஸர் வந்தால் எழுந்து நிற்கிற மாதிரி, தன்னால் நடந்தது.

அவளைத் தமிழ் வகுப்பில் சேர்க்கலாமா என்று ஒரு தடவை வீட்டுக்காரரிடம் கேட்டேன். “அவளுக்கு வகுப்பு எதுக்கு?” என்று மட்டும் சொன்னார்.

அந்த ராஜாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஊர் அவருடைய பொன்னைப் பேசுகிறது. நான் தேடியது வேறு. தன்னைக் காப்பாற்றிய மகனிடம் அவர் என்ன சொன்னார்? கிடைத்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். ஒன்றிலும் இல்லை. அவரைக் கட்டை அடுக்கி எரிக்கப்போனதும், தீ மூண்ட பிறகு அந்த ஞானியின் பெயரைச் சொல்லிக் கதறியதும், மழை வந்து தீயை அணைத்ததும் இருக்கிறது. ஜெயித்த ராஜா மனம் இரங்கி, உனக்கு என்ன வேண்டும் கேள் என்கிறான். நம்மவர் என்ன கேட்டார் தெரியுமா? பாரசீகனோடு மோதினால் ஒரு பெரிய ராஜ்யம் அழியும் என்று குறி சொன்ன சாமியிடம், இவ்வளவு பொன் வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றினாயே, அழிந்தது என் ராஜ்யம்தானே என்று கேட்க ஆள் அனுப்ப வேண்டுமாம். தன் கைவிலங்கையும் கூடவே அனுப்ப வேண்டுமாம். நாடு போய், மூத்த பிள்ளை போய், நெருப்பிலிருந்து இறங்கி வந்த பிறகும் தன் வழக்குதான் அவருக்குப் பெரிது. அந்தச் சின்ன மகனைப் பற்றிக் கதையில் அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. அவரைத் திட்ட இப்போது எனக்கு வாய் வருவதில்லை.

இந்த வருடம் மழை ஓய்ந்ததும் கமிட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த ராஜா நாடகத்தை யாரும் மறக்கவில்லை, இன்னொன்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டதற்கு வேலை அதிகம் என்றேன், அதுவும் பொய். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மகளை டியூஷன் வகுப்பிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு இப்போது பதினாறு. ஹிஞ்சேவாடி மேம்பாலத்துக்குக் கீழே வழக்கம்போல் ஒரு வண்டியும் நகரவில்லை. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி. இனி எந்தப் பக்கமும் ஓட முடியாது என்பதாலோ என்னவோ, வாயைத் திறந்தேன்.

“கண்ணு, அன்னிக்கு ரெக்கார்டிங் நடக்கறப்ப உன்னைக் கடைக்கு அனுப்புனது வேணும்னேதான்.”

அவள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். “பதா ஹை, மம்மா” என்றாள். தெரியும்.

“சவுண்ட் அண்ணா ஒண்ணும் சொல்லல. மேடையில நான் பேசினதும் பொய்.”

“வோ பீ பதா ஹை.” அதுவும் தெரியும்.

“உன் தமிழைக் கேட்டு எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு செஞ்சேன். உன்னைப் பத்தி நான் நினைக்கவே இல்ல. என்னை மன்னிச்சுக்க கண்ணு.”  ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

என் முதுகில் ஒரு கை தட்டிக்கொடுத்தது. “கப் கா மாஃப் கர் தியா, மம்மா. ரோ மத்” என்றாள். எப்போதோ மன்னித்துவிட்டேன், அழாதே. பொய்யாகச் சொல்லவில்லை. அந்தக் கையில் அவ்வளவு பிரியம் இருந்தது.

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. அவள் அப்பா. ஒரு கை என் முதுகில் இருக்க, மற்றக் கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்ப்பா... ஆமா, ட்ராஃபிக்ல நிக்கறோம்... இல்லீங்ப்பா, அம்மா அழுவறாங்க... ஒண்ணுமில்ல, பழசெல்லாம் நெனச்சுட்டாங்க. பாவம்ப்பா. நான் பாத்துக்கறேன், நீங்க பயந்துக்காதீங்க... சோறு மட்டும் வெச்சிருங்க, வந்ததீம் சாப்பிடலாம்.”

அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழ். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்னும் கொஞ்சம் பேசமாட்டாளா என்று இருந்தது.

அவள் கைபேசியை மடியில் வைத்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, என் பக்கம் நீட்டினாள்.

“பானி பியோகீ, மம்மா?” என்றாள்.